யாருக்கும் உடைமையாகாத கிண்ணம்: ஸ்ரான்லி கிண்ணத்தின் வரலாறும் மரபுகளும்

1

விளையாட்டு என்பது ஓய்வுநேர இன்பம் மாத்திரமே என்ற எண்ணம் நம்மிடையே இன்னும் வலுவாகவே உள்ளது. இலக்கியத்தையும் கலைகளையும் சமூக வரலாற்றுப் பின்னணியில் வைத்து ஆராய்வதை ஏற்றுக்கொண்டவர்கள்கூட, விளையாட்டை அத்தகைய ஆய்வுக்குரிய பொருளாகக் கொள்ளத் தயங்குவதைக் காணலாம். ஆயினும், ஆடுகளமும் மக்கள் கூடும் இடமே. அங்கும் உழைப்பு உண்டு, உடைமை உண்டு, உழைப்பவருக்கும் உடைமையாளருக்கும் இடையிலான உறவும் உண்டு. வெற்றிச் சின்னமாக வழங்கப்படும் ஒரு கிண்ணத்தின் வரலாற்றை உன்னிப்பாக நோக்குவோமாயின், அவ்வுறவு காலந்தோறும் மாறிவந்தமையை அதனூடே கண்டுகொள்ளலாம். கனடாவிலே தோன்றி, வட அமெரிக்கத் தொழில்முறைப் பனிக்கட்டி ஹொக்கியின் அதியுயர் பரிசாக விளங்கும் ஸ்ரான்லி கிண்ணம் இதற்குச் சிறந்ததோர் எடுத்துக்காட்டாகும்.

1983 ஆம் ஆண்டின் பின்னர் இலங்கைத் தமிழர் பெருந்தொகையினராகக் குடியேறிய ரொறன்ரோ, மொன்றியல் ஆகிய நகரங்களின் பொதுவாழ்வில் இவ்விளையாட்டுக்குள்ள இடம் பெரிது. ஆயினும் அதன் வரலாறு தமிழிலே அதிகம் பேசப்பட்டதில்லை. உறைந்த பனிக்கட்டித் தளத்திலே, அலகு பொருத்திய காலணிகளுடன் சறுக்கி ஓடி, 'பக்' எனப்படும் தட்டையான இறப்பர் வில்லையை வளைந்த கோலினால் எதிரணியின் வலைக்குள் செலுத்துவதே இவ்வாட்டமாகும்.

இக்கிண்ணம் வழங்கப்பட்டபோது விதிக்கப்பட்ட நிபந்தனைகளுள் ஒன்று, எத்தனை தடவை வென்றாலும் எந்தவோர் அணிக்கும் அது சொந்தமாகக் கூடாது என்பதாகும். அவ்வாறு யாருக்கும் உடைமையாகாத ஒரு பொருள் எங்ஙனம் தனியார் நிறுவனமொன்றின் முழு ஆளுகைக்குள் வந்து சேர்ந்தது? அதனைச் சூழ்ந்து வளர்ந்த மரபுகள் எவருடைய நினைவைப் பேணுகின்றன? இவ்விரு வினாக்களுக்கும் விடை தேடுவதே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

2

கனடாவின் மகாதேசாதிபதியாக 1888 முதல் 1893 வரை பதவி வகித்தவர் பிரெஸ்ரன் ஸ்ரான்லி பிரபு. மூன்று முறை பிரித்தானியப் பிரதமராக இருந்த 14 ஆம் டார்பி பிரபுவின் மைந்தர் இவர். பிரித்தானிய அமைச்சரவையில் போர், குடியேற்ற நாடுகள், வர்த்தகம் ஆகிய துறைகளுக்குப் பொறுப்பாக இருந்தவர். பேரரசின் ஆளும் வர்க்கத்தினது மைய வட்டத்தைச் சேர்ந்தவர் என்பது இதனாற் புலப்படும். 1889 இல் மொன்றியல் குளிர்காலக் களியாட்ட விழாவிலே ஹொக்கி ஆட்டத்தைக் கண்டு அவர் ஈடுபாடு கொண்டார். அவருடைய புதல்வர்கள் ஒட்டாவாவில் அணியொன்றிற் சேர்ந்து ஆடினர். புதல்வி இசபெல்லும் ஆடினார் என்பது மனங்கொள்ளத்தக்கது.

1892 மார்ச் 18 ஆம் திகதி, ஒட்டாவாவின் றஸல் ஹவுஸ் விடுதியில் நடைபெற்ற விருந்தொன்றிலே ஸ்ரான்லியின் கடிதம் வாசிக்கப்பட்டது. கனடாவின் முதன்மை அணிக்கு ஆண்டுதோறும் வழங்கத்தக்க கிண்ணமொன்றைத் தாம் அளிக்க விரும்புவதாக அதில் அவர் அறிவித்திருந்தார். இலண்டன் வெள்ளிக் கடையொன்றில் பத்து கினிக்கு வாங்கப்பட்ட அக்கிண்ணம், ஏறக்குறைய 18.5 சென்ரிமீற்றர் உயரமுடைய சாதாரண வெள்ளிப் பாத்திரமேயாகும். ஒட்டாவாவின் ஷெரீப் ஜோன் சுவீற்லண்ட், பத்திரிகை வெளியீட்டாளர் பி. டி. றொஸ் ஆகிய இருவரும் நம்பிக்கைப் பொறுப்பாளர்களாக நியமிக்கப்பட்டனர். வெல்லும் அணி கிண்ணத்தை நல்ல நிலையில் மீளக் கையளிக்க வேண்டும், தன் பெயரையும் ஆண்டையும் வெள்ளி வளையத்திற் பொறிக்கலாம், எந்த அணியும் அதனைச் சொந்தமாக்கிக் கொள்ள முடியாது, பிணக்கு எழுமிடத்துப் பொறுப்பாளர் தீர்ப்பே முடிவானது என்பன நிபந்தனைகள்.

இக்கொடையைத் தனியொருவரின் தாராள மனத்தின் வெளிப்பாடாக மட்டும் கொள்வது போதாது. 1867 இல் மாகாணங்களின் கூட்டாட்சியாக உருவான கனடாவில், பரந்த நிலப்பரப்பையும் வேறுபட்ட மக்கட் குழுவினரையும் ஒருங்கிணைக்கும் பொதுச் சின்னங்கள் ஆட்சியாளருக்குத் தேவைப்பட்டன. பேரரசின் பல பாகங்களிலும், நமது நாடு உட்பட, துடுப்பாட்டம் முதலிய விளையாட்டுக்கள் ஆளும் குழாத்தின் ஒழுக்க விழுமியங்களைப் பரப்பும் சாதனங்களாயின. ஆயினும் கனடாவில் ஒரு வேறுபாடு இருந்தது. ஹொக்கி இங்கிலாந்தின் பாடசாலைகளிலிருந்து முழு வடிவிலே வந்திறங்கிய ஆட்டமன்று. குளிர்நிலத்திலே பல வேர்களிலிருந்து வளர்ந்தது. நோவா ஸ்கோஷியாவின் ஆதிக்குடிகளான மிக்மாக் மக்கள் செதுக்கிய மரக்கோல்கள் பத்தொன்பதாம் நூற்றாண்டிலே பெரிதும் நாடப்பட்டன. 1875 மார்ச் 3 ஆம் திகதி மொன்றியலின் விக்ரோறியா அரங்கிலே நிகழ்ந்த உள்ளரங்க ஆட்டத்துடன் அது ஒழுங்கமைந்த விளையாட்டாகியது. மக்களிடையே உருவானதொன்றுக்கு ஆட்சியாளர் அளித்த முத்திரையாகவே கிண்ணத்தைக் கருதவேண்டும். 1893 இல் நாடு திரும்பிய ஸ்ரான்லி, அக்கிண்ணத்துக்கான ஓர் ஆட்டத்தையேனும் கண்டதில்லை.

3

கிண்ணத்தை முதன்முதலில், 1893 இல், பெற்றது மொன்றியல் அமெச்சூர் விளையாட்டுச் சங்கத்துடன் இணைந்த அணியாகும். 'அமெச்சூர்', அதாவது ஊதியம் பெறாதவர், என்ற சொல் இங்கு ஊன்றி நோக்கத்தக்கது. தூய விளையாட்டுணர்வின் பெயரால் முன்வைக்கப்பட்ட இக்கருத்து, நடைமுறையில் ஒரு வர்க்க எல்லைக் கோடாகவே இயங்கியது. 1873 இல் மொன்றியலின் நடையோட்டக் கழகமொன்று வகுத்த வரைவிலக்கணம், கூலியாளரையும் ஆதிக்குடியினரையும் வெளிப்படையாகவே அமெச்சூர் நிலையினின்றும் விலக்கியது. வேலை நாளை இழக்கக் கூடியவரே ஊதியமின்றி ஆட முடியும். அத்தகையோர் வணிகர், வங்கி எழுத்தர், சட்டத்தரணிகள், பல்கலைக்கழக மாணவர் முதலான நகர நடுத்தர வர்க்கத்தினரே. கரையோர மாகாணங்களிலே கறுப்பின மக்கள் 1895 இல் தமக்கெனத் தனி லீக் ஒன்றை அமைத்துத் திறம்பட ஆடியபோதும், ஸ்ரான்லி கிண்ணத்துக்கான போட்டி அவர்களுக்கு எட்டாப் பொருளாகவே இருந்தது.

எனினும், அறைகூவற் கிண்ணமாக இருந்த அக்காலத்தில் அதற்கு ஒரு சனநாயகப் பண்பும் இருந்ததை மறுத்தல் கூடாது. தகுதியுடையதெனப் பொறுப்பாளர் கருதும் எந்த ஊர் அணியும் கிண்ணத்தை வைத்திருப்போரைப் போட்டிக்கு அழைக்கலாம். 1885 இல் நிறைவுற்ற கனேடிய பசிபிக் புகையிரதப் பாதை இதனைச் சாத்தியமாக்கியது. 1896 பெப்ரவரியில் வினிப்பெக் விக்ரோறியாஸ் அணி மொன்றியலுக்குச் சென்று 2-0 என வென்று கிண்ணத்தை மேற்கே கொண்டுசென்றது. அதே ஆண்டு டிசம்பரில் மீளப் போட்டி நடைபெற்றபோது, அதன் செய்திகள் தொலைதூரத்திலிருந்து தந்தி மூலம் மக்களை எட்டின. புகையிரதமும் தந்தியும் ஒன்றிணைத்த சந்தைப் பரப்பே தேசிய உணர்வின் பரப்பாகவும் அமைந்தது எனலாம்.

இக்காலத்தின் மிகப் புகழ்பெற்ற நிகழ்ச்சி டோசன் நகர அணியின் பயணமாகும். வடமேற்கு எல்லையிலுள்ள யூக்கொன் பிரதேசத்திலே, கிளொண்டைக் பொன்வேட்டையால் தோன்றிய நகரம் அது. பொன் அகழ்வில் ஈடுபட்ட ஜோ பொயில் என்பாரின் ஆதரவுடன், 1904 டிசம்பரில் புறப்பட்ட அவ்வணியினர் கால்நடையாகவும் நாய்வண்டியிலும் கப்பலிலும் புகையிரதத்திலும் ஏறக்குறைய 4,000 மைல் கடந்து ஒட்டாவாவை அடைந்தனர். 1905 ஜனவரியில் நடைபெற்ற இரு ஆட்டங்களிலும், 9-2 எனவும் 23-2 எனவும் தோற்றனர். இரண்டாம் ஆட்டத்தில் ஒட்டாவாவின் பிராங்க் மக்கீ மாத்திரம் 14 கோல்களைப் போட்டார். ஒரு கண்ணின் பார்வையை இழந்திருந்த அவ்வீரர், 1916 இல் பிரான்சின் சோம் போர்க்களத்திலே மாண்டார். 1907 ஜனவரியில் வென்ற கெனோராவோ, சில ஆயிரம் மக்களே வாழ்ந்த சிற்றூர். கிண்ணத்தை வென்ற ஊர்களுள் மிகச் சிறியது அதுவே.

4

சிற்றூர்களின் இவ்வெற்றிகள் நீடிக்கவில்லை. பார்வையாளரிடம் அறவிடப்பட்ட நுழைவுக் கட்டணம் பெருகப் பெருக, ஆட்டக்காரருக்கு மாத்திரம் ஊதியமில்லை என்ற நிலையின் முரண்பாடு வெளிப்படலாயிற்று. 1904 இலேயே, அமெரிக்காவின் மிச்சிகன் மாநிலச் செப்புச் சுரங்கப் பகுதியை மையமாகக் கொண்டு, வெளிப்படையாகவே ஊதியம் வழங்கும் லீக் ஒன்று தோன்றிவிட்டது. ஊதியம் பெறாதோருக்கென 1908 இல் அலன் கிண்ணம் தனியே ஏற்பட்டமை, ஸ்ரான்லி கிண்ணம் தொழில்முறை ஆட்டத்துக்கு உரியதாகிவிட்டதன் அறிகுறியாகும்.

1909 டிசம்பரில் உருவான தேசிய ஹொக்கிச் சங்கத்தின் தோற்றத்தில் முக்கிய பங்கு கொண்டவர், சுரங்கத் தொழிலாலும் புகையிரதப்பாதைக் கட்டுமானத்தாலும் பொருளீட்டிய குடும்பத்தைச் சேர்ந்த அம்புறோஸ் ஓபிரையன் ஆவார். தமது ஊரான ரென்ஃபிறூவுக்குக் கிண்ணத்தைக் கொணரும் நோக்குடன், 'சைக்கிளோன்' ரெயிலர் என்ற ஆட்டக்காரருக்கு ஒரு பருவத்துக்கு 5,000 டொலருக்கும் அதிகமாக அவரது அணி கொடுத்தது. கிண்ணம் கிட்டவில்லை, ஆனால் ஆட்டக்காரரின் திறன் சந்தையில் விலைபெறும் உழைப்புச் சக்தி என்பது ஐயத்துக்கிடமின்றி நிறுவப்பட்டது. மேற்கிலே மரத்தொழிலில் ஈட்டிய செல்வத்தைக் கொண்டு பற்றிக் குடும்பத்தினர் 1911 இல் வன்கூவரிலும் விக்ரோறியாவிலும் செயற்கைப் பனிக்கட்டி அரங்குகளை அமைத்தனர். இயற்கையின் குளிரை நம்பியிருந்த ஆட்டம் இயந்திரத்தின் குளிரை நாடியது. இதன் பின்னர் ஆட்டத்தின் புவியியலைத் தீர்மானிப்பது காலநிலையன்று, மூலதனமே என்ற நிலை உருவாகியது. 1917 இல் சியாட்டில் அணி கிண்ணத்தை வென்றபோது அது முதன்முறையாக அமெரிக்க அணியொன்றின் கைக்குச் சென்றது.

அதே ஆண்டு நவம்பரில் மொன்றியலின் விண்ட்சர் விடுதியில் தேசிய ஹொக்கி லீக் அமைக்கப்பட்டது. 1925 இல் வென்ற விக்ரோறியா அணியே அந்த லீக்கைச் சேராத கடைசி வெற்றியாளராகும். 1926 இல் மேற்கு லீக் குலைந்து, அதன் ஆட்டக்காரர் பலர் கிழக்கின் அணிகளுக்கு விற்கப்பட்டனர். 1927 முதல் ஒரே லீக்கின் அணிகள் மாத்திரமே கிண்ணத்துக்காகப் போட்டியிட்டன. நடைமுறையில் ஏற்பட்ட இவ்வேகபோகத்துக்கு 1947 இல் எழுத்துருவம் கிடைத்தது. பொறுப்பாளர் இருவரும் லீக்குடன் செய்துகொண்ட உடன்படிக்கையால், கிண்ணத்துக்கான போட்டியின் நிபந்தனைகளை வகுக்கும் அதிகாரம் முழுமையாக லீக்குக்குச் சென்றது. அதிற் கையொப்பமிட்ட இருவருள் ஒருவர், ஸ்ரான்லியால் நியமிக்கப்பட்ட அதே பி. டி. றொஸ் ஆவார். கிண்ணம் சட்டப்படி எவருக்கும் சொந்தமாகவில்லை. ஆயினும் அதன் பயன் முழுவதும் ஒரு சாராருக்கே உரியதாயிற்று. உடைமை என்பது பத்திரத்திலுள்ள பெயரால் மாத்திரம் தீர்மானிக்கப்படுவதில்லை என்பதற்கு இதனினும் தெளிவான சான்று வேண்டியதில்லை.

5

ஆட்டக்காரரின் நிலை இவ்வரலாற்றின் மறுபக்கமாகும். 1924-25 பருவத்திலே ஆட்டங்களின் எண்ணிக்கை 24 இலிருந்து 30 ஆக உயர்த்தப்பட்டது. மேலதிக வேலைக்கு மேலதிக ஊதியமில்லை. லீக்கில் முதலிடம் பெற்றிருந்த ஹமில்ரன் அணியினர் ஆளுக்கு 200 டொலர் தராவிடின் இறுதிக்கட்ட ஆட்டங்களில் இறங்கோம் என மறுத்தனர். கிண்ணம் கைக்கெட்டும் தூரத்தில் இருந்தபோது அவர்கள் இம்முடிவை எடுத்தனர் என்பதை மறத்தலாகாது. லீக் அவர்களை இடைநிறுத்தியது. அவர்களது ஒப்பந்தங்கள் 75,000 டொலருக்கு நியூயோர்க் முதலாளி ஒருவருக்கு விற்கப்பட, ஹமில்ரன் நகரமே தன் அணியை இழந்தது. எஃகுத் தொழிலாளரின் நகரான ஹமில்ரனிலே இது நிகழ்ந்தமை குறிப்பிடத்தக்கது.

மூன்று தசாப்தங்களின் பின் இம்முயற்சி மீண்டும் தலைதூக்கியது. டிட்ரொயிற் அணியின் டெட் லின்ட்சே, மொன்றியலின் டக் ஹார்வி முதலியோர் 1957 இல் ஆட்டக்காரர் சங்கமொன்றை அமைத்தனர். ஓய்வூதிய நிதியின் கணக்குகளைக் காட்டுமாறு கோரியது அவர்களது முக்கிய கோரிக்கைகளுள் ஒன்று. அவ்வாண்டே லின்ட்சே, லீக்கின் கடைசி இடத்திலிருந்த சிக்காக்கோவுக்கு மாற்றப்பட்டார். சில சிறு சலுகைகளுடன் 1958 இல் சங்கம் அடங்கிப்போயிற்று. நிலையான சங்கம் அமைவதற்கு 1967 வரை காத்திருக்க வேண்டியிருந்தது.

எட்மன்ரனின் வரலாறு இம்முரண்பாட்டை மேலும் கூர்மையாக்கிக் காட்டுகின்றது. 1984 முதல் 1990 வரை ஐந்து தடவை கிண்ணம் வென்ற அவ்வணியின் உரிமையாளர் பீற்றர் பொக்லிங்ரன், அந்நகரின் கெயினர்ஸ் இறைச்சி பதனிடும் ஆலைக்கும் உரிமையாளராக இருந்தவர். 1986 ஜூனில் அவ்வாலைத் தொழிலாளர் தொடங்கிய வேலைநிறுத்தம் டிசம்பர் வரை நீடித்தது. மாற்று ஆட்களைக் கொண்டு ஆலை இயக்கப்பட, வாயிலில் மோதல்களும் கைதுகளும் நிகழ்ந்தன. 1988 மே மாதத்தில் அணி கிண்ணம் வென்றது. ஓகஸ்ட் 9 ஆம் திகதி, அக்காலத்தின் ஒப்பற்ற ஆட்டக்காரரான வெயின் கிறெட்ஸ்கி, ஒன்றரைக் கோடி அமெரிக்க டொலர் உள்ளடங்கிய பேரத்திலே லொஸ் ஏஞ்சலிசுக்கு விற்கப்பட்டார். இவ்விற்பனையை அரசு தடுக்கவேண்டும் என்ற குரல் கனடாவின் நாடாளுமன்ற உறுப்பினரிடையேயும் எழுந்தது. ஆலையிலே கூலி உயர்வு கேட்டவரும் அரங்கிலே மக்களின் அன்பைப் பெற்றவரும் உரிமையாளரின் கணக்கேட்டில் ஒரே பக்கத்திலேயே பதிவாகினர்.

6

இப்பின்னணியிலேயே கிண்ணத்தின் மரபுகளை நோக்கவேண்டும். அவற்றுள் முதன்மையானது பெயர் பொறிக்கும் மரபாகும். ஏனைய பல பரிசுகளில் அணியின் பெயர் மாத்திரம் இடம்பெற, இங்கே வென்ற அணியின் ஆட்டக்காரர் ஒவ்வொருவரது பெயரும் பொறிக்கப்படுகின்றது. 1924 முதல் இது ஆண்டுதோறும் நிகழ்கின்றது. இதன் பொருட்டு வளையங்கள் சேர்ந்து, கிண்ணம் இன்று ஏறக்குறைய 89.5 சென்ரிமீற்றர் உயரமும் 15.5 கிலோகிராம் எடையும் கொண்டுள்ளது. அதன் ஐந்து பெரு வளையங்களும் நிரம்பியதும், மிகப் பழையது கழற்றப்பட்டு ரொறன்ரோவிலுள்ள ஹொக்கி நூதனசாலையில் வைக்கப்படும். வெற்று வளையமொன்று கீழே சேர்க்கப்படும். 2018 இல் 1954 முதல் 1965 வரையான வெற்றிகளின் வளையம் கழற்றப்பட்டது. புகழும் காலத்தால் இடம்விட்டு நகரவேண்டியதே என்பதை இவ்வேற்பாடு உணர்த்துகின்றது.

பெயர்ப் பட்டியல் வர்க்க உறவுகளையும் பதிவு செய்துள்ளது. உரிமையாளரின் பெயர்கள் ஆட்டக்காரரின் பெயர்களுக்கு முன்னே நிற்கின்றன. அதில் இடம்பெற்ற முதற் பெண், 1950 களின் நடுப்பகுதியில் டிட்ரொயிற் அணியின் தலைவராக இருந்த மார்கரீற் நொறிஸ். குடும்ப உடைமையின் வழியே அவர் அங்கு வந்தார். 1984 இல் பொக்லிங்ரன் தமது தந்தையாரின் பெயரையும் பொறிக்கச் செய்தார். அணியுடன் தொடர்பற்ற அப்பெயர் பின்னர் 16 பெருக்கற் குறிகளால் அடித்து மறைக்கப்பட்டது. அக்கீறல்கள் இன்றும் கிண்ணத்தில் உள்ளன. உழைத்து வெல்லாதவனுக்கு இங்கு இடமில்லை என்று அறிவிக்கும் ஒரே பொறிப்பு அதுவே எனலாம். அதே ஆண்டின் பட்டியலில், கிண்ணம் வென்ற முதற் கறுப்பின ஆட்டக்காரரான கிறான்ற் ஃபியூரின் பெயரும் உண்டு.

வெற்றி பெற்றோர் கிண்ணத்திலே மது ஊற்றிப் பருகுவது 1896 இல் வினிப்பெக் அணியினரால் தொடங்கப்பட்டதென்பர். வெல்லும்வரை அதனைத் தொடலாகாது என ஆட்டக்காரர் கருதுவதும் உண்டு. 1995 முதல், வென்ற அணியினர் ஒவ்வொருவரும் ஒரு நாள் கிண்ணத்தைத் தம்முடன் வைத்திருக்கும் வழக்கம் ஒழுங்குபெற்றது. சுரங்க ஊர்களுக்கும் பண்ணைக் கிராமங்களுக்கும், சுவீடன் முதலிய நாடுகளுக்கும் அது சென்று, பிள்ளைகளின் கைபட வலம்வருகின்றது. அந்த ஒரு நாளிலாவது கிண்ணம் தன்னை ஈட்டிய உழைப்பாளியின் வீட்டு மேசையில் இருக்கின்றது.

தேசிய இனப் பிரச்சினையும் கிண்ணத்தின் வரலாற்றில் தடம் பதித்துள்ளது. பிரெஞ்சு மொழி பேசும் கியூபெக் மக்களின் பெருமையாக விளங்கிய மொறிஸ் றிஷார், ஆட்டத்தில் நிகழ்ந்த கைகலப்பின் காரணமாக 1955 இன் எஞ்சிய ஆட்டங்கள் அனைத்திலிருந்தும் விலக்கப்பட்டார். தண்டித்தவர் ஆங்கிலம் பேசும் லீக் தலைவர். மார்ச் 17 ஆம் திகதி மொன்றியல் வீதிகளில் வெடித்த கலகம், ஆங்கில மூலதனத்தின் கீழ்ப் பிரெஞ்சுத் தொழிலாளர் பட்ட நெடுங்கால அவமானத்தின் குரலாகவும் ஒலித்தது. அவ்வாண்டு இறுதிப் போட்டியிலே மொன்றியல் தோற்றது. அடுத்த ஐந்தாண்டும் தொடர்ந்து வென்றது. றொஷ் கறியே 1979 இல் எழுதிய ஹொக்கிச் சட்டை பற்றிய சிறுகதை, கியூபெக் கிராமத்துச் சிறுவன் ஒருவனுக்குத் தவறுதலாக ரொறன்ரோ அணியின் சட்டை வந்துசேர்வதைக் கொண்டு இம்முரண்பாட்டை நகைச்சுவையாகக் காட்டுகின்றது. அச்சிறுவர் அனைவரும் அணிந்தது றிஷாரின் இலக்கத்தையே.

7

கிண்ணம் வழங்கப்படாத ஆண்டுகள் 1893 முதல் இரண்டே. 1919 இல் உலகைச் சூறையாடிய தொற்றுக் காய்ச்சலால் இறுதித் தொடர் இடைநின்றது. மொன்றியல் வீரர் ஜோ ஹோல் அதனால் மரணமானார். 2005 இல் சம்பள உச்சவரம்பை ஏற்குமாறு உரிமையாளர் விதித்த கதவடைப்பால் பருவம் முழுவதும் கைவிடப்பட்டது. முன்னது நோயின் விளைவு; பின்னது உடைமையின் விளைவு. இரண்டுமே கிண்ணத்திற் பொறிக்கப்பட்டுள்ளன.

கதவடைப்பின்போது பழைய வினா மீண்டும் எழுந்தது: கிண்ணம் யாருடையது? ரொறன்ரோவில் பொழுதுபோக்காக ஆடும் சிலர், லீக் ஆடாத ஆண்டில் வேறு அணிகளுக்கு அதனை வழங்கத் தடையில்லை என நீதிமன்றை நாடினர். 2006 இல் ஏற்பட்ட இணக்கத்தின்படி, லீக் போட்டி நடத்தாத ஆண்டுகளிலே பொறுப்பாளர் பிற அணிகளுக்குக் கிண்ணத்தை வழங்கலாம் என்பது ஒப்புக்கொள்ளப்பட்டது. அதற்கிடையில் மகாதேசாதிபதி ஏட்றியன் கிளார்க்சன் அதனைப் பெண்கள் அணிக்கு வழங்கலாம் என்று கூறினார். அது நிறைவேறவில்லை, அவர் பெண்களுக்கெனத் தமது பெயரில் வேறு கிண்ணமொன்றைச் செய்வித்தார். இசபெல் ஸ்ரான்லி ஆடிய ஆட்டத்தில், பெண்கள் ஒரு நூற்றாண்டுக்கு மேலாகத் தமக்குரிய கிண்ணத்துக்குக் காத்திருக்க நேர்ந்தது. கனடாவின் முதன்மை அணிக்கென அளிக்கப்பட்ட ஸ்ரான்லி கிண்ணத்தையோ, 1993 இல் மொன்றியல் வென்றதன் பின் 2025 வரை கனேடிய அணி எதுவும் வெல்லவில்லை. 2024, 2025 ஆகிய இரு ஆண்டுகளிலும் அதனை வென்றது, ஏரியும் உறையாத புளோரிடாவின் அணி.

இவற்றைக்கொண்டு, கிண்ணம் முற்றாகவே பண்டமாகிவிட்டது என முடிவுகட்டுவது இயக்கவியல் நோக்காகாது. 1950 இல் டிட்ரொயிற் வென்றபோது, மேசையிலிருந்த கிண்ணத்தைத் தூக்கித் தலைக்குமேல் ஏந்தி, அரங்கின் விளிம்போரமாகச் சறுக்கிச் சென்று மக்களுக்கு அருகே காட்டியவர் டெட் லின்ட்சே. வென்றவர் கிண்ணத்தை ஏந்தி அரங்கைச் சுற்றும் மரபு அவரிலிருந்தே தொடங்கிற்று என்பர். ஏழாண்டுகளின் பின் ஆட்டக்காரர் சங்கத்தை அமைத்து அதற்கான விலையைச் செலுத்தியவரும் அவரே. 1966 இல் தமக்குரிய கௌரவ விருந்துக்கு மனைவி மக்கள் அனுமதிக்கப்படாமையால் அதற்குச் செல்ல மறுத்தவரும் அவரே. இம்மூன்று செயல்களும் ஒரே மனப்பாங்கின் வெளிப்பாடுகள்: ஆட்டம் அதனை ஆடுவோருக்கும் காண்போருக்கும் உரியது என்ற உணர்வே அது. இன்று கோடிக்கணக்கானோர் காணும் அவ்வலம், லீக்கின் விளம்பரமாகவும் பயன்படுகின்றது. ஆனால் அதனைத் தொடக்கிவைத்தது எந்த உரிமையாளரின் கட்டளையுமன்று. தொழிலாளி ஒருவனின் கைகளே. யாருக்கும் உடைமையாகக் கூடாதென அளிக்கப்பட்ட கிண்ணம், அந்தச் சில நிமிடங்களில் தன் நிபந்தனைக்கு உண்மையாக இருக்கின்றது.